குற்றவாளியா, சுற்றவாளியா?

இலவசச் சட்ட உதவிக் காரியாலயத்தில் பியோனாக இருப்பவனுக்கு முதல் வேலை வந்திருக்கும் ஆட்களை எண்ணுவது, இரண்டாவது வேலை நாற்காலிகளை எண்ணுவது. நான் அங்கே இருந்த காலம் முழுவதும் இந்த இரண்டு கணக்கும் ஒத்து வந்ததில்லை. கோடு என்கிற நீதிமன்ற வாசலிலோ அரசாங்கக் கச்சேரி வராந்தாவிலோ ஒரு முறையாவது காலையில் போய் மத்தியானம் வரை சுவரில் சாய்ந்து நின்றவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. நீங்களும் அந்த வரிசையில் நின்றவர்கள்தான். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் அதிகம் படித்தவன் அல்ல. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை. அதற்குப் பிறகு கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் தராசுக்குப் பக்கத்தில் பல வருடம் நின்றேன். எண்ணுகிற பழக்கம் அங்கே வந்தது. பேசாமல் இருக்கிற பழக்கம் பிறவியிலேயே இருந்தது. தொண்ணூறுகளின் பிற்பகுதியில் பதுளை டவுனில் ஒரு துணிக்கடைக்கு மேல்மாடியில் இந்தக் காரியாலயத்தைத் திறந்தபோது, இரண்டு பழக்கத்துக்கும் சேர்த்து என்னை எடுத்துக்கொண்டார்கள்.

வடிவாகச் சொல்லுங்கோ

செல்லாயி முதன்முதலில் வந்தது தைப்பொங்கல் கழிந்த ஒரு திங்கட்கிழமை. அன்றைக்கு அறையில் இருந்தவர்களைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஒரே சட்டத்தரணியான யோகா மிஸ், அவர் யாழ்ப்பாணத்துக்காரர். தட்டச்சு செய்யும் சுனில். சிங்களவர், பஸாரில் கற்ற தமிழை வைத்துக்கொண்டு யாரோடும் சமாளிப்பார். பிறகு நான். காணிச் சண்டைக்காக வந்த ஒரு அண்ணனும் தம்பியும். இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லாததால் ஆளுக்கொரு மூலையில். பிறப்புச் சான்றிதழ் தேடி வந்த ஒரு பெரியவர். நமுனுகுல பக்கத்துத் தோட்டமொன்றின் சங்கத் தலைவர். அவர் கூட்டி வந்த செல்லாயி. செல்லாயி மடியில் ஒரு கைக்குழந்தை. குழந்தையைச் சேர்த்து ஒன்பது பேர். நாற்காலி ஐந்து.

விஷயத்தைத் தலைவர்தான் சொன்னார். செல்லாயியின் புருஷன் மாரிமுத்து தோட்டத்தில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவர். கவ்வாத்துக் கத்தியோடு டவுனுக்கு வந்தவரை பஸ் ஸ்டாண்டில் நடந்த பொலிஸ் சுற்றிவளைப்பில் பிடித்துவிட்டார்கள். அடையாள அட்டையும் கையில் இல்லை. கோட்டில் நிறுத்தியபோது கத்தி வைத்திருந்த குற்றத்தை ஒப்புக்கொண்டதாக எழுதி, ஆறு மாதச் சிறை. (எந்தக் கோடு என்று கேட்காதீர்கள். பதுளையிலிருந்து பஸ்ஸில் போகிற தூரத்தில் ஒன்று.) தோட்டத்துத் துரை, சித்திரை வருடப் பிறப்புக்குள் ஆள் வேலைக்கு வராவிட்டால் செக்றோல் என்கிற வேலையாள் பதிவில் பேர் வெட்டப்படும் என்று சொல்லிவிட்டார். செல்லாயிக்குப் பதிந்த வேலை கிடையாது, கைக்காசு வேலைதான். மாரிமுத்துவின் பேர் போனால் குடியிருக்கிற லயத்துக் காம்பராவும் போகும். அவளுக்கும் மூன்று பிள்ளைகளுக்கும் ஒதுங்க வேறு இடமில்லை.

யோகா மிஸ் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, "அழாதீங்கோ அம்மா. அவர் ஏன் கத்தி கொண்டுபோனவர், ஆரோட போனவர், எல்லாத்தையும் வடிவாச் சொல்லுங்கோ" என்றார். யாழ்ப்பாணத்தில் வடிவாக என்றால் சரியாக, முழுமையாக. எங்கள் பக்கத்தில் அதற்கு அழகு என்ற ஒரே பொருள்தான். செல்லாயி முந்தானையால் முகத்தைத் துடைத்து, குழந்தையின் சட்டையை இழுத்து விட்டு, தலைவரை ஒரு தரம் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "இதுல எப்படிங்க வடிவா சொல்றது. இது அழுவுற விஷயம்."

பேந்து

யாழ்ப்பாணத் தமிழும் தோட்டத் தமிழும் ஒரே அறையில் இருந்தால் நடுவில் ஓர் ஆள் வேண்டியிருக்கிறது. அந்த ஆளாக நான் நின்றேன். எனக்குப் பேச வராது என்பதால் பெரும்பாலும் தலையை ஆட்டியே மொழிபெயர்த்தேன்.

பிறப்புச் சான்றிதழ் கேட்டு வந்த பெரியவரிடம் மிஸ், "இண்டைக்கு ஏலாது ஐயா, பேந்து வாங்கோ" என்று சொல்லி அனுப்பினார். பேந்து என்றால் பிறகு. பெரியவர் மறுநாள் வரவில்லை, அதற்கடுத்த வாரமும் வரவில்லை. மாதக் கடைசியில் களைத்துப்போய் எங்கள் கந்தோருக்கு வந்து என்னை ஓரமாகக் கூப்பிட்டார். "பண்டாரவளைக்குப் போய்ப் பாத்தேன், அப்புத்தளைக்கும் போய்ப் பாத்தேன். இந்தப் பேந்துங்கிற கந்தோரு எங்கதான்யா இருக்கு?"

மாரிமுத்து சொன்னது

சிறைக்கு மாரிமுத்துவைப் பார்க்கப் போனபோது மிஸ் என்னையும் கூட்டிப் போனார். மாரிமுத்துவுக்கு நாற்பது வயது இருக்கும். உள்ளங்கை இரண்டும் கத்திப் பிடி பட்டுப் பட்டுப் பலகைபோல ஆகியிருந்தது. கேட்டதற்கெல்லாம் "ஆமாங்க", "இல்லீங்க" என்று மெதுவாகப் பதில் சொன்னார். ஆளில் ஒரு முரடும் இல்லை. கத்திக்குப் பிடி உடைந்துவிட்டது, டவுனில் கம்மாலையில் புதுப் பிடி போடலாமென்று வந்தேன் என்றார். அதைக் கோட்டில் ஏன் சொல்லவில்லை என்று மிஸ் கேட்டார். யாரும் கேட்கவில்லை என்றார்.

"பின்னை ஏன் ஐயா குற்றத்தை ஒத்துக்கொண்டனீங்கள்?" என்று மிஸ் கேட்டபோது மாரிமுத்துவுக்கு முதல் தடவையாகக் குரல் உயர்ந்தது. தான் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை என்றார். கோட்டில் மொழிபெயர்க்கிறவர் ஏதோ கேட்டாராம். முதல் வார்த்தை சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லையாம். இரண்டாவது வார்த்தை நன்றாகக் கேட்டதாம்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் நாட்டுக் கோடுகளில் ஓர் ஆளைக் கூண்டில் ஏற்றினால் தமிழில் கேட்கிற கேள்வி, 'நீர் குற்றவாளியா, சுற்றவாளியா?' என்பது. சுற்றவாளி என்றால் குற்றம் செய்யாதவர். சட்டத் தமிழில் அப்படி ஒரு சொல். எனக்கே அது இந்தக் காரியாலயத்துக்கு வந்த பிறகுதான் தெரியும். வாய்ப்பேச்சில் அது 'சுத்தவாளி' என்று விழும். சுற்றிவளைப்பில் பிடிபட்டு, டவுனில் சும்மா சுற்றினாய் என்று பொலிசில் அதட்டு வாங்கி வந்த மாரிமுத்துவின் காதில் அது எப்படி விழுந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு மிஸ்ஸிடம் சொன்னார்: "நீ சுத்துறவனான்னு கேட்டாரு. சத்தியமா நான் சுத்தவாளி இல்லீங்க, ஒழுங்கா வேலைக்குப் பெரட்டுக்குப் போறவன்னு சொன்னேன். அதுக்கு ஆறு மாசமுங்க."

பெஞ்சில் ஒரு பரீட்சை

மறுநாள் காலை மிஸ் தன் பையைக் கீழே வைக்கும் முன்பே அறையிலும் வராந்தாவிலும் இருந்தவர்களை வரிசையாகக் கேட்டார்: சுற்றவாளி என்றால் என்ன? அன்றைக்குக் காத்திருந்தவர்கள் பதினொரு பேர். நான் பதில்களை எண்ணிக்கொண்டேன். ஊர் சுற்றுகிறவன் என்று ஆறு பேர் சொன்னார்கள். கோயிலைச் சுற்றி வருகிறவர் என்று ஒரு அம்மாள், கையைக் கூப்பிக்கொண்டே. சுற்றிவளைப்பில் அகப்பட்டவன் என்று ஒருவர். சுற்றம் என்றால் உறவு, ஆகவே சொந்தக்காரர் என்று ஒரு பள்ளிக்கூட ஆசிரியர், எங்களைத் திருத்துகிற மாதிரி. ஒருவர் தெரியாது என்று சொல்லிவிட்டுத் தப்பித்தார்.

பதினோராவது ஆள்தான் சரியாகச் சொன்னார். தப்பு செய்யாதவன் என்றார், யோசிக்கவே இல்லை. மிஸ்ஸுக்கு முகம் கொஞ்சம் விழுந்துவிட்டது. ஒருவருக்கும் தெரியாமல் இருந்தால் வழக்குக்கு நல்லதல்லவா. அவருக்கு எப்படித் தெரியும் என்று விசாரித்தோம். அவர் கசிப்பு என்கிற கள்ளச்சாராயம் காய்ச்சுகிற வழக்கில் பல தடவை கோட்டுக்குப் போய் வந்தவர். பெருமையும் இல்லாமல் வெட்கமும் இல்லாமல் சொன்னார்: "நல்ல வார்த்தைதாங்க. அதைச் சொல்லிட்டுத்தான் ஒவ்வொரு வாட்டியும் உள்ள போயிருக்கேன்."

நடுவில் ஒன்றும் இல்லை

மேல் நீதிமன்றத்துக்கு மனு எழுத வேண்டும். தீர்ப்பை மீளாய்வு செய்யுங்கள் என்று கேட்கிற மனு. அதோடு அந்தச் சொல் தெரியாத பத்துப் பேருடைய சத்தியக் கடதாசிகள். எங்களிடம் இருந்தது யாரோ கழித்துவிட்டுத் தந்த ஒரு தமிழ்த் தட்டச்சு மிஷின். அதில் 'ற' இல்லை. எழுத்து உடைந்து விழுந்து வருடக்கணக்கு. 'ற' வருகிற இடத்தையெல்லாம் இடைவெளியாக விட்டு, பிறகு பேனாவால் எழுதி நிரப்புவது வழக்கம்.

மற்ற வழக்குகளில் இது பெரிய தொல்லையாக இருந்ததில்லை. இந்த மனுவிலோ வரிக்கு வரி குற்றவாளியும் சுற்றவாளியும். சுனில் ஒரு பக்கம் அடித்து முடித்து உருவி எடுத்தார். நான் பேனாவோடு உட்கார்ந்தேன். சுனில் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். கு, இடைவெளி, வாளி. சு, இடைவெளி, வாளி. சிரிக்காமல் என்னிடம் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "அண்ணே, இந்த ரெண்டு சொல்லுக்கும் நடுவுல ஒண்ணுமே இல்லையே."

யாருக்காகக் கேட்பது

மனு முடிகிற நேரத்தில்தான் உண்மையான சிக்கல் வந்தது. மாரிமுத்துவின் தீர்ப்பை மட்டும் நீக்கச் சொன்னால் போதாது என்று மிஸ் நினைத்தார். கூண்டில் ஏறுகிற எல்லோரையும் விளங்குகிற பேச்சில் கேட்க வேண்டும். அதற்கு முன்னால் ஒரு சட்டத்தரணியோடு பேச விட வேண்டும். சட்டத்தரணிக்கு வழியில்லாதவர்களுக்கு ஒருவரை ஏற்பாடு செய்ய வேண்டும். இதையும் மனுவில் சேர்க்கப்போவதாகச் சொன்னார். தலைவர் ஒத்துக்கொள்ளவில்லை. "மிஸ், ஒரு ஆளுக்குக் கேட்டா சீக்கிரம் முடியும். ஊருக்கெல்லாம் கேட்டா அரசாங்கத்துப் பக்கம் பதில் எழுதவே மாசக்கணக்கு எடுப்பாங்க. வருஷப் பொறப்பு வந்துரும், பேரு போயிரும்" என்றார். அவர் சொன்னதிலும் தப்பில்லை. பொலிஸ், சிறைச்சாலை, கோடு என்று எல்லாப் பக்கத்திலும் ஆள் போதாது என்பது எல்லோருக்கும் தெரியும். எங்கள் பக்கமோ சட்டத்தரணி ஒரே ஒருவர். அவரும் வாரத்தில் மூன்று ஊர்க் கோட்டுக்குப் பஸ்ஸில் போய் வருகிறவர்.

மிஸ் பேனாவை மூடினார். "இது என்ர வழக்கில்லை, செல்லாயியின்ர வழக்கு. அவ சொல்லட்டும்" என்றார். கீழே துணிக்கடையில் சீலை கிழிக்கிற சத்தம் கேட்டது. செல்லாயி குழந்தையை ஒரு தோளிலிருந்து மற்றத் தோளுக்கு மாற்றினாள். தங்கள் லயத்தில் இன்னும் இரண்டு பேர் இப்படி உள்ளே போயிருக்கிறார்கள் என்றாள். அவர்களும் ஒப்புக்கொண்டதாகத்தான் ஊரில் பேச்சாம். பிறகு முடிவைச் சொன்னாள்: "எல்லாருக்கும் கேளுங்க மிஸ். ஆனா எங்க ஆளு பேர மொதல்ல எழுதுங்க."

முதலியார் வந்தார்

கோட்டில் மொழிபெயர்க்கிறவரை எல்லோரும் முதலியார் என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தக் கோட்டின் முதலியாரும் யாழ்ப்பாணத்துப் பெரியவர். வெள்ளைக் காற்சட்டை, வெள்ளைச் சட்டை, மடித்த கைக்குட்டை. மனுவில் தன் மொழிபெயர்ப்பைப் பற்றி எழுதியிருக்கிறது என்று கேள்விப்பட்டு எங்கள் மாடிக்கு ஏறி வந்தார். நான் நாற்காலியைத் துடைத்துப் போட்டேன். உட்காரவில்லை.

"பிள்ளை, அது சட்டத்தில இருக்கிற சொல்லு. நான் உண்டாக்கினதில்லை. கூட்டவும் ஏலாது, குறைக்கவும் ஏலாது" என்றார். மிஸ் மரியாதையாக, உங்கள் மேல் குற்றம் சொல்லவில்லை ஐயா, சொல்லின் மேல்தான் சொல்கிறோம் என்றார். முதலியார் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தானும் மூன்று கோட்டுக்கு ஒரே ஆளாக ஓடுவதாகவும், நீதவான் ஒரு பக்கம் அவசரப்படுத்த, பொலிஸ் இன்னொரு பக்கம் அவசரப்படுத்த, ஓர் ஆளின் முகத்தைப் பார்த்துக் கேட்க நேரமில்லை என்றும் சொன்னார். அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தார். மாரிமுத்து சொன்ன பதிலை மிஸ் அவருக்கு வாசித்துக் காட்டினார். கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு முதலியார் சொன்னது: "முப்பது வருஷமா நான் கேக்கிறன், பிள்ளை. அந்தச் சனம் என்னத்தைக் கேட்டதெண்டு இண்டைக்குத்தான் தெரியுது."

போர்டு

இதற்கிடையில் இன்னொரு சட்டத்தரணி தரும்படி எங்கள் காரியாலயம் மேலிடத்துக்கு எழுதிக்கொண்டே இருந்தது. பங்குனி மாதத்தில் பதிலாக ஒரு லொறி வந்தது. அதிலிருந்து மூன்று மொழியிலும் காரியாலயத்தின் பெயர் எழுதிய பெரிய பலகை ஒன்றை இறக்கினார்கள். நானும் சுனிலும் அதைத் தூக்கி மாடிச் சுவரில் அடித்தோம். தூரத்தில் பஸ்ஸில் போகிறவர்களுக்கும் தெரிகிற எழுத்து.

பலகை தெரிந்ததால் வருகிற ஆட்கள் இரண்டு மடங்கானார்கள். அவர்களைப் பார்க்க அதே யோகா மிஸ்தான். தெமோதரைப் பக்கமிருந்து வந்த ஓர் அம்மாள் மூன்றாவது நாளாகவும் படிக்கட்டிலேயே உட்கார்ந்திருந்தாள். நான் தேத்தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக் குடித்துவிட்டு மேலே பார்த்துச் சொன்னாள்: "போர்டு வந்துருச்சு. லோயர் எந்த லொறியில வருவாருங்க?"

பிடி இல்லாத கத்தி

மேல் நீதிமன்றத்தில் வழக்கு எடுத்த நாளில் வருடப் பிறப்புக்கு இரண்டு வாரம்தான் இருந்தது. நான் கடைசித் தூணுக்குப் பின்னால் நின்றேன். செல்லாயி முன் வரிசையில் தலைவரோடு. தலைவர் பயந்தது பாதி நடந்தது. எல்லோருக்குமாகக் கேட்டதற்குப் பதில் சொல்ல அரசாங்கத் தரப்பு வேறு நாள் தவணை கேட்டது. நீதிபதி எங்கள் மிஸ்ஸைப் பார்த்தார். மாரிமுத்துவின் விஷயத்தை இன்றைக்கே கேளுங்கள், பேர் வெட்டப்பட்டால் பிறகு விடுதலை கிடைத்தும் அவருக்குப் போக வீடு இருக்காது என்று மிஸ் சிங்களத்தில் சொன்னார். நீதிபதி சம்மதித்தார்.

முதலியாரும் வந்திருந்தார்; இங்கேயும் மொழிபெயர்க்கிற ஆள் அவர்தான். அவர் தானாகவே ஒரு சத்தியக் கடதாசி கொடுத்திருந்தார்: கேள்வியைச் சட்டச் சொல்லில்தான் கேட்டேன், அது அந்த ஆளுக்கு விளங்கியதா என்று பார்க்கவில்லை. நீதிபதி அதை இரண்டு முறை வாசித்தார். பிறகு சான்றுப் பொருளை எடுக்கச் சொன்னார். முன்னைய கோட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக எழுதிவிட்டதால் கத்தியைப் போட்ட கடதாசி உறையை யாரும் திறக்கவே இல்லை. அரக்கு முத்திரையை உடைத்து வெளியே எடுத்த பொலிஸ்காரர் கத்தியை எங்கே பிடிப்பதென்று தெரியாமல் இரண்டு விரலால் தூக்கிக் காட்டினார். பிடி இருக்க வேண்டிய இடத்தில் வெறும் இரும்பு வால்.

இதை எப்படிப் பிடிப்பது என்று நீதிபதி கூண்டைப் பார்த்துக் கேட்டார். முதலியார் தன் வாழ்க்கையில் முதல் தடவையாகவோ என்னவோ, தோட்டத்துப் பேச்சில் கேட்டார்: "இதை எங்கய்யா புடிக்கிறது?" மாரிமுத்து கையைக் கட்டிக்கொண்டு பதில் சொன்னார்: "அதுக்குத்தாங்க டவுனுக்கு வந்தேன்."

பழகி வந்த வார்த்தை

தீர்ப்பு நீக்கப்பட்டது. ஆனால் வழக்கு முடியவில்லை; பழைய கோட்டுக்கே திரும்பிப் போய், முதலிலிருந்து கேள்வி கேட்க வேண்டும். அதுவரை மாரிமுத்து பிணையில் வீட்டுக்குப் போனார். இந்தத் தடவை தப்பு நடக்கக்கூடாது என்று செல்லாயி அவருக்கு அந்தச் சொல்லைச் சொல்லிக் கொடுத்தாளாம். அடுப்படியில், கோயிலடியில், பிள்ளைகளோடு சேர்ந்தும். காலையில் எழுந்தால் முதல் பேச்சே அதுதானாம்.

அடுத்த தவணையில் கோட்டில் முதலியார் கூண்டுக்குப் பக்கத்தில் போய் நின்று மெதுவாகக் கேட்டார்: "ஆளுக்குக் காயம் பண்ணுறதுக்காகக் கத்தி வச்சிருந்தீங்கன்னு பொலிசு சொல்லுது. அது உண்மையா, உண்மை இல்லையா?" மாரிமுத்து மிஸ்ஸைப் பார்த்தார், செல்லாயியைப் பார்த்தார். நெற்றி வியர்த்துவிட்டது. நீதவான் திரும்பக் கேட்கச் சொன்னார். முதலியார் திரும்பக் கேட்டார். மாரிமுத்து கையைக் கூப்பிக்கொண்டு கெஞ்சினார்: "ஐயா, அந்தப் பழைய வார்த்தையையே கேளுங்க. நான் அதுக்குத்தான் பழகிட்டு வந்திருக்கேன்."

பெரட்டில்

பிடி இல்லாத கத்தியை வைத்து வாதாட முடியாமல் பொலிஸ் வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. வருடப் பிறப்புக்கு நான்கு நாள் இருந்தது. மாரிமுத்து மறுநாள் விடியற்காலையிலேயே பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற பெரட்டுக் களத்துக்குப் போய் நின்றார். செக்றோலில் அவருடைய பேருக்கு நேரே பென்சிலால் கோடு இழுத்து வைத்திருந்தார்களாம், மையால் வெட்டுவது துரை வந்த பிறகு என்று. பென்சிலாக இருந்ததால் அழித்துவிட்டார்கள். காம்பரா தப்பியது.

இதையெல்லாம் செல்லாயி பண்டிகைக்குப் பிறகு எங்களுக்கு ஒரு பை பலகாரம் கொண்டுவந்தபோது சொன்னாள். மாரிமுத்து ஏன் வரவில்லை என்று கேட்டேன். டவுன் பக்கம் வர மாட்டேன் என்கிறாராம். பெரட்டில் முதல் நாள் என்ன நடந்தது என்று சுனில் கேட்டார். பேர் கூப்பிட்டபோது மாரிமுத்து "வந்திருக்கேங்க" என்றாராம். கணக்கப்பிள்ளை புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரிக் கேட்டது இதுதானாம்: "இத்தனை நாளா எங்கய்யா சுத்திக்கிட்டு இருந்த?"

முறை வைத்து

மற்ற எல்லோருக்குமாகக் கேட்டதற்கு உத்தரவு வர இன்னும் பல மாதம் ஆனது. வந்தபோது நாங்கள் கேட்டதில் ஒரு பகுதிதான் கிடைத்தது. கேள்வியை விளங்குகிற பேச்சில் கேட்க வேண்டும், விளங்கியதா என்று பார்த்த பிறகே பதிலை எழுத வேண்டும் என்பது முழுதாகக் கிடைத்தது. சட்டத்தரணி ஏற்பாடு செய்வது, ஆளும் வசதியும் இருக்கிற அளவுக்கு என்று எழுதியிருந்தது. அந்த அளவு எவ்வளவு என்று உத்தரவில் இல்லை. மிஸ் ஊர் ஊராகப் போய்ச் சட்டத்தரணிமாரைக் கேட்டார். இருவர் சம்மதித்தார்கள், திங்கட்கிழமைகளில் காலை நேரம் மட்டும், சம்பளம் இல்லாமல். ஒருவர் சிங்களவர், அவருக்குத் தமிழ் தெரியாது, ஆனால் பொறுமை இருந்தது. சுனிலை அவருக்குப் பக்கத்தில் உட்கார வைத்தோம்.

முதல் திங்கட்கிழமை ஜெயில் பஸ்ஸில் இறக்கியவர்கள் பத்தொன்பது பேர். கோடு தொடங்குவதற்குள் மூன்று சட்டத்தரணிமாரும் பதினான்கு பேரோடு பேசி முடித்தார்கள். அதற்குள் மணி அடித்துவிட்டது. முதலியார் ஒவ்வொருவரையும் முகம் பார்த்துக் கேட்டார். யாரும் தாங்கள் ஊர் சுற்றுகிறவர்கள் இல்லை என்று சொல்லவில்லை. மிச்சமிருந்தவர்களில் ஒருவர், கொழுந்துச் சாக்கு திருடியதாகப் பிடிபட்ட ஒரு பெரியவர், தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து என்னைக் கூப்பிட்டார். என்னையும் ஒரு லோயர் என்று நினைத்திருக்க வேண்டும். இல்லை என்று தலையை ஆட்டினேன். அவர் விடவில்லை. "கேள்வி நல்லா வெளங்குதுங்க. அதுக்கு என்ன பதில் சொன்னா நல்லதுன்னு சொல்றவரு எப்ப வருவாரு?"

ஆக, ஒரு சொல்லைத் திருத்த ஒரு வருடம் பாடுபட்டு, கேள்வி எல்லோருக்கும் விளங்கும்படி செய்துவிட்டோம். விளங்கிய கேள்வியோடு தனியாக நின்றவர்கள் அன்றைக்கு மிச்சம் ஐந்து பேர்.